வாயாடியின் படிப்பு

"கல்லு தெருவுல சும்மாதானே கிடக்கு? அதைப் பாக்கவா இவ்வளவு செலவு?" என்றார் அப்பா.

அம்மா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். வைத்துவிட்டுத்தான் பதில் சொன்னாள். "அவ படிக்கப் போறது தெருக்கல்லு இல்ல. பூமிக்குள்ள இருக்குற கல்லு."

"அப்ப தோண்டுற செலவு வேற."

மகளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

மதியச் சாப்பாடு முடிந்த நேரம். காலையில் தைத்து முடித்த வெள்ளைத் திரைச்சீலைகள் கடை முழுக்கக் கூரையிலிருந்து தரைவரை தொங்கின. காற்று வரும்போதெல்லாம் அறையே மெதுவாக மூச்சு விடுவது போலிருந்தது.

அந்த வெண்மைக்கு இந்தப் பக்கம் அப்பா, அந்தப் பக்கம் அம்மா. துணியை விலக்கி விலக்கிச் சண்டை போட்டார்கள். துணி நடுவில் விழுந்தால் சண்டை நின்றுவிடும். விலக்கினால் விட்ட இடத்திலிருந்து தொடரும்.

பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது. ஒரு பகலும் ஓர் இரவும் ரயிலில் போகவேண்டிய தூரம். வருகிறாளா இல்லையா என்று மாலைக்குள் சொல்லிவிட வேண்டும்.

அப்பா சொன்னதில் நியாயம் இருந்தது. பட்டம் வாங்கிய மாமா மகள் இன்னும் வேலை தேடிக்கொண்டிருக்கிறாள். படிக்க வாங்கிய கடன் மட்டும் தேதி தவறாமல் வாசலில் வந்து நிற்கிறது.

அம்மா அதற்கெல்லாம் அசையவில்லை. அவள் பிடித்த பிடியில் நின்றாள்.

நடுவில் நின்ற மகள் ஒரு திரைச்சீலையின் மடிப்பை நீவிவிட்டாள். பாறைகளும் துணியைப் போலவே மடியும் என்று பள்ளிக்கூடத்தில் ஒருநாள் படத்தில் பார்த்தாள். அன்றிலிருந்து அந்த ஆசை. யாரும் அவசரப்படுத்தாமல், கோடி கோடி வருடங்கள் எடுத்துக்கொண்டு, மலை ஒன்று மடிந்துகொண்டே இருக்கிறது. இஸ்திரிப் பெட்டியின் ஆவி முகத்தில் படும்போதெல்லாம் அந்த மலை அவள் கண்ணுக்குள் வந்து போகும்.

தெருவில் அவளுக்கு வாயாடி என்று பெயர். துணி மொத்த வியாபாரியிடம் பேரம் பேசுவது அவள். வீட்டுக்காரரிடம் தவணை கேட்பது அவள். ஆஸ்பத்திரியில், வங்கியில், போனில், எங்கேயும் அவள்தான். பல் விழுந்து முளைக்காத வயதிலேயே பெரியவர்களோடு மல்லுக்கு நின்றவள். அப்பாவும் அம்மாவும் தங்களுக்குள் சண்டை போடும்போதுதான் அவள் வாய்க்கு ஓய்வு.

அவள் கொக்கிப் பெட்டியை எடுக்கப் பின்பக்கம் போனாள். அப்போதுதான் வாசலில் குரல் கேட்டது.

"கடையில யாரும் இல்லையா?"

செவிலியர் உடையில் ஒரு பெண். இரவு வேலை முடிந்து இன்னும் தூங்கவில்லை போலும், கண்கள் சொருகிக்கொண்டிருந்தன.

மகள் பழக்கதோஷத்தில் வாயைத் திறந்தாள். ஏனென்று தெரியவில்லை, மூடிக்கொண்டாள். தொங்கும் துணிக்குப் பின்னால் அப்படியே நின்றாள்.

"யாருங்க உள்ள?"

இந்த முறை குரல் பெரிதாக வந்தது. நாலடி தூரத்தில் வாசலுக்கு முதுகைக் காட்டி நின்ற அப்பா திரும்பவில்லை. அம்மாவும் திரும்பவில்லை.

திரும்பமாட்டார்கள். பிறந்தவுடன் மகள் அழுத அழுகையையே அவர்கள் கண்ணால்தான் பார்த்தார்கள்.

மதியம் முழுக்க அந்த அறையில் நடந்த சண்டையில் ஒரு சத்தமும் இல்லை. நான்கு கைகள்தான் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தன.

கல்லையும் கடனையும் பற்றி அவ்வளவு பேசிய அப்பா, சொல்லாமல் விட்ட செலவு ஒன்றுதான், மகளின் குரல். அது மூன்று பேருக்கும் தெரியும்.

அவள் துணியின் இடுக்கு வழியே பார்த்தாள்.

செவிலி உள்ளே வந்து அம்மாவின் தோளைத் தொட்டாள். அம்மா திரும்பி, தன் காதைத் தொட்டுக் கையை விரித்தாள். பிறகு பழக்கம்போல மகளைத் தேடிச் சுற்றிலும் பார்த்தாள்.

வெள்ளைத் துணி அசையவில்லை.

செவிலி ஒரு கணம் யோசித்தாள். ஜன்னல் வெயிலைக் காட்டினாள். கண்ணைச் சுருக்கிக் காட்டினாள். உள்ளங்கையில் கன்னத்தைச் சாய்த்து, தலையை இல்லை என்று ஆட்டினாள்.

பகலில் தூங்க வேண்டும், வெளிச்சம் விடமாட்டேன் என்கிறது.

அம்மா சிரித்துவிட்டாள். அலமாரியின் அடித்தட்டிலிருந்து கனத்த நீலத் துணியை உருவி, செவிலியின் முகத்துக்கு முன்னால் உயர்த்திப் பிடித்தாள். துணிக்குப் பின்னாலிருந்து அந்தப் பெண்ணும் சிரிக்கிற சத்தம் கேட்டது. அப்பா அளவு நாடாவைக் கொண்டுவந்தார். செவிலி இரண்டு கைகளையும் ஜன்னலின் அகலத்துக்கு விரித்தாள். அப்பா புருவத்தைத் தூக்கினார். அவள் கொஞ்சம் குறைத்தாள். அவர் தலையாட்டினார்.

எல்லாம் முடிந்து, அந்தப் பெண் கையசைத்துவிட்டுப் போனாள்.

மகள் இல்லாமல் அவர்கள் முடித்த முதல் வியாபாரம். அவளுக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் அவள் துணியை விட்டு வெளியே வரவில்லை.

துணிக்கு அடியில் தெரிந்த இரண்டு பாதங்களை அப்பா அப்போதுதான் கவனித்தார். அருகில் வந்தார். துணியை விலக்கவில்லை. ஜன்னல் வெயில் அவருக்குப் பின்னால் இருந்தது. அவர் கை உயர்ந்தபோது அதன் நிழல் அவள் முன்னால் வெள்ளையில் விழுந்தது.

இரண்டு விரல்கள் நடந்து நடந்து துணியின் ஓரம்வரை போயின. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றன. பிறகு திரும்பி நடந்து, அவர் நெஞ்சுக்கு வந்து சேர்ந்தன.

போயிட்டு வா.

'வா' என்பதை மட்டும் அவர் இரண்டு முறை சொன்னார்.