லோரியின் சுண்டுவிரல்

இந்தக் காலத்து ஜனங்களுக்குப் பெரியவர்களின் வாய்ச்சொல் போதுவதில்லை. எல்லாவற்றுக்கும் சாட்சி கேட்கிறார்கள். லோரிக் கிழவருக்கு அதுதான் எரிச்சல். உட்காராமல் அடுப்புக்கும் ஜன்னலுக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

ஷெட்லாந்து தீவுகளின் பிடில் மெட்டுகளைப் புத்தகமாகப் போடும் ஓஸ்லா வந்திருந்தாள். "இது உங்க வீட்டு மெட்டா, அக்கரை ஹால்க்ரோ வீட்டு மெட்டா, பெரியவரே? ஒரு வீட்டுப் பேரைத்தான் போட முடியும்."

"எங்க தாத்தா கட்டினது, பொண்ணே. அவனுங்க திருடிட்டுப் போய், நடுவுல ஒரு உச்ச ஸ்வரத்தைச் சொருகிக் கெடுத்துட்டானுங்க."

அவள் ஒரு பழைய ஒலிநாடாவை ஓடவிட்டாள். பிடில் துள்ளியது. நடுவில் அந்த உச்ச ஸ்வரமும் வந்தது.

"கேட்டியா? ஹால்க்ரோ பயலேதான்! ஆடுறவன் கால் சுளுக்கிக்கும். இதெல்லாம் ஒரு வாசிப்பா?"

"அறுபத்திரண்டுல பதிஞ்சது, பெரியவரே. வாசிக்கிறது நீங்க. பெட்டி மேலயே உங்க பேர் ஒட்டியிருக்கு."

லோரி சட்டென்று நின்றார். அவருடைய இடக்கைச் சுண்டுவிரல், மறு வருஷம் ஹெரிங் மீன் பீப்பாய் விழுந்து நசுங்கியதிலிருந்து மடங்கியே கிடந்தது. உச்ச ஸ்வரத்தை எட்டும் விரல் அதுதான்.

"அவங்க எதையும் சொருகலை. விரல் போனதும் நீங்கதான் விட்டுட்டீங்க. மெட்டை முழுசாக் காப்பாத்தி வச்சிருக்கிறது அவங்கதான். அப்போ அவங்க பேரைத்தானே போடணும்?"

"எவன் வாசிச்சதுலயோ எவனோ என் பேரை ஒட்டி வச்சிருக்கான்!" என்றார் லோரி. தொப்பியை மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் ஆட்டுப்பட்டிப் பக்கம் நடையைக் கட்டினார்.