விழிக்கும் நேரத்துப் பனிமூட்டம்

கிளாராவுக்கு இரண்டும் செயற்கைக் கண்கள். கடையில் விற்கிற கண்கள் பார்க்குமிடமெல்லாம் விளம்பரம் காட்டும் என்பதால், தன் கண்களுக்கான இயங்குதளத்தை அவளே எழுதிக்கொண்டாள். நிறத்துக்கு ஒரு மென்பொருள் தொகுப்பு, தூரத்துக்கு ஒன்று என எல்லாம் அவள் கையால் ஏற்றியவை. பிறத்தியார் எழுதிய வரி ஒன்றுகூட அதில் இல்லை என்று அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

காலையில் விழிக்கும்போது மட்டும் உலகம் பனிமூட்டத்திலிருந்து மெல்லக் கலைந்து வரும். ஜன்னல் மிதக்கும். அதற்கப்பால் தூத்துக்குடிக் கடல் பாலாக அசையும். தான் எழுதியதில் ஏதோ பிழை என்று விட்டிருந்தாள்.

ஒரு ஞாயிறன்று வேண்டாத தொகுப்புகளைக் களையும்போது, தான் எழுதாத ஒன்றைக் கண்டு திடுக்கிட்டு நீக்கினாள். மறுநாள் விழித்ததும் வெளிச்சம் முகத்தில் அறைந்தது. அலறிவிட்டாள்.

கணவன் கஸ்பார் ஓடிவந்தான். "அத எடுத்திட்டியா?"

"நீங்க போட்டதா அது?"

"கண்ணு வச்ச புதுசுல தெனமும் இப்படித்தான் அலறுவ. கேட்டா வேண்டாம்ப. அதான் வெளிச்சத்த மெல்ல மெல்ல உள்ள விடுற மாதிரி ஒண்ண எழுதி, நீ தூங்கும்போது போட்டேன்."

"எனக்குத் தெரியாம என் கண்ணுல கை வச்சிருக்கீங்க."

"தப்புதான்" என்றான் அவன்.

அந்தி சாய்ந்ததும் கணினியை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"மறுபடி போடுங்க. இந்தத் தடவ நான் முழிச்சிருக்கேன்."

அவன் தட்டத் தட்ட, எதிரிலிருந்த அவன் முகம் பனிக்குள் மறைந்து, அவசரமில்லாமல் திரும்பி வந்தது.