பயண மாலை

லகாட்டிலிருந்து பஸ் ஏறி ஈப்போவுக்கு வந்த வீராசாமி, கையிலிருந்த மாலையை நேரே தங்கை கணவர் பத்துமலையின் கழுத்தில் போட்டார்.

“யோகா டீச்சருக்குப் படிக்க உங்க வீட்லேருந்து இந்தியா போறாங்கன்னு கோயில்ல சொன்னாங்க, மாப்ளே. எஸ்டேட்ட விட்டு வந்த நம்ம ஆளுங்கள்ல யாரு இப்படிப் போயிருக்கா? பெருமையா இருக்குலா!”

பத்துமலை ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவர் மனைவி தவமணி கண்ணாலேயே அவரை அடக்கினாள்.

தங்கையின் இறுகிய முகத்தைப் பார்த்ததும் வீராசாமிக்குக் கோபம் வந்தது. “என்ன மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? தடுக்கப் பாக்கறியா?”

“ஆறு மாசம், அண்ணே. ரெண்டு புள்ளைங்க. சமையல், ஸ்கூலு எல்லாம் யாரு பாக்கறது?”

“வீட்ல இருக்கறவங்க பாக்கணும்! படிக்கப் போறவங்கள புள்ளையக் காட்டி நிறுத்தறது பாவம்லா.”

“நாலு பேரு கேள்வி கேட்டா?”

“எவன் கேட்டாலும் எங்கிட்ட அனுப்பு. நான் பதில் சொல்றேன்.”

தவமணி கணவரின் கழுத்திலிருந்த மாலையைக் கழற்றித் தன் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

“போறது நானு, அண்ணே. அடுத்த வாரம் பினாங்குல கப்பல்.”

வீராசாமி அதிர்ந்துபோனார். “நீயா? பொம்பள, புள்ளைங்கள விட்டுட்டுத் தனியாவா போவ?”

“கேள்வி கேக்கற மொத ஆளே நீங்கதான், அண்ணே,” என்றாள் தவமணி. “இப்ப உங்கள நான் யாருகிட்ட அனுப்பறது?”