வெள்ளிக்கிழமை ஆவி

குடியிருப்பின் நிலவறையில் இருக்கும் சானா என்னும் பொது நீராவிக் குளியலறையில் வெள்ளிக்கிழமை மாலை ஐனோ வீட்டு முறை. மேல்பலகையில் அவள் வியர்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். வாரம் முழுக்க வீடு வீடாகப் போய் முதியவர்களைத் தூக்கிக் குளிப்பாட்டிய கைகள், யாரோ மறந்து வைத்துவிட்டுப் போனவை போல மடியில் கிடக்கின்றன. கீழ்ப்பலகையில் கணவன் தொர்ஸ்தி கண்ணை மூடியிருக்கிறான். மங்கிய விளக்கு. சூடேறிய மரத்தின் வாசனை. நாளை அவளுக்கு விடுமுறை. இந்த மாதத்தில் முதல் விடுமுறை. வெளியே, உடை மாற்றும் அறையில், துண்டுகளுக்கு அடியில் அவளுடைய கைபேசி அடிக்கத் தொடங்குகிறது. அவள் எழப் போகிறாள்.

"உக்காரு," என்கிறான் தொர்ஸ்தி, கண் திறக்காமல். "சானாவுல வேலைப் பேச்சு எடுத்தா எங்கம்மா வாளித் தண்ணிய அப்படியே தலையில ஊத்திடுவா."

"யாராவது விழுந்திருந்தா?"

"விழுந்தவங்க ஆம்புலன்ஸக் கூப்பிடுவாங்க. இது உன் மேலதிகாரி. நாளைக்கு ஆள் இல்ல. நீ மாட்டேன்னு சொல்ல மாட்டேன்னு அவளுக்குத் தெரியும்."

அவன் மரக்கரண்டியில் தண்ணீர் மொண்டு, அடுப்பின் மேல் கொதித்துக் கிடக்கும் கற்களில் ஊற்றுகிறான். கற்கள் சீறுகின்றன. அந்தச் சீறலில் மணியோசை அமுங்கிப்போகிறது. ஆவி கூரையைத் தொட்டு இறங்கி அவள் கழுத்தை வளைக்கிறது. சீறல் அடங்கும்போது மணியும் நின்றிருக்கிறது. அவள் மூக்கு நுனியிலிருந்து ஒரு துளி பலகையில் விழுகிறது. மணி மறுபடியும் அடிக்கிறது. இந்த முறை தொர்ஸ்தி கரண்டியைத் தொடவில்லை, அவளையே பார்க்கிறான். ஐனோ மெல்ல இறங்குகிறாள். ஒரு பக்கம் கதவு, மறுபக்கம் வாளி. ஈரப் பலகையில் சற்று நிற்கிறாள். பிறகு குனிந்து, கரண்டி நிறைய மொண்டு கற்களின் மேல் ஊற்றுகிறாள்.