பொதுச்சுவரில் ஒரு கம்பி

மூன்றாவது பத்தியில் அவர் நின்றுவிட்டார்.

‘மேற்படி வீட்டின் தென்புறப் பொதுச்சுவரில் எனக்குள்ள பாதி உரிமையை விட்டுக்கொடுத்து, இனி அச்சுவர் முழுவதும் தங்களுக்கே பாத்தியம் என்று ஒப்புக்கொள்கிறேன்.’

பிழையே இல்லை. நாற்பது வருடம் பத்திரம் எழுதியவர். இருந்தால் கண்ணில் குத்தியிருக்கும்.

அதை எழுதிக் கொண்டுவந்த ஜெரோம் எதிர் நாற்காலியில். மடியில் ஹெல்மெட். பக்கத்து வீட்டு ரெஜினாவின் மகன்.

“அம்மா போனப்புறம் வீடு பூட்டியே கெடக்கு மாமா. மாடி எடுத்துக்கிட்டு நாங்க வந்துரலாம்னு இருக்கோம். இந்தச் சுவத்து மேல ஏத்தணும்னா நீங்க கையெழுத்துப் போடணும். உங்களுக்கு எதுக்குச் சிரமம்? எங்க பக்கமே தனிச் சுவரு எழுப்பிக்கிறோம். நடுவுல ரெண்டு இஞ்ச் விட்டுருவோம். இது மொத்தமும் இனிமே உங்களுக்குத்தான்.”

கையெழுத்துக் கேட்டுப் பார்க்கவே இல்லை பையன்.

எப்படிக் கேட்பான்? பொதுச்சுவர் விஷயத்தில் கையெழுத்துப் போடாதே என்று சொல்லிச் சொல்லியே பாலக்கரையில் பெயர் வாங்கியவர் அவர்.

ஒன்பது அங்குலச் சுவர். ஆளுக்கு நாலரை. உத்திரம் செருகினால் பாதியைத் தாண்டக் கூடாது. உயர்த்தவும் இடிக்கவும் அடுத்தவர் சம்மதம் வேண்டும். பழுதானால் செலவு இருவருக்கும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

அந்தப் பாதியைத் தாண்டியவரும் அவர்தான்.

கல்யாணமான புதிது. காலண்டர் மாட்ட ஓர் ஆணி அடித்துக் கொடுங்கள் என்றாள் மனைவி. வீட்டில் ஆணி இல்லை. கட்டட வேலையில் மிஞ்சிய கம்பி ஒன்று கிடந்தது. ஒரு அடி நீளம். அவர் எதையும் உறுதியாகச் செய்கிறவர். அடித்தார்.

பத்து நிமிடத்தில் ரெஜினா வாசலில் நின்றாள். தலையில் சுண்ணாம்புத் தூள்.

“சார், நாலரை நாலரைன்னு ஊருக்கெல்லாம் சொல்றீங்க. உங்க கம்பி எங்க கூடத்துல வந்து எட்டிப் பாக்குது.”

அவருக்கு முகம் செத்துவிட்டது. குறடும் கையுமாக ஓடினார்.

“விடுங்க சார். நான் பை மாட்டிக்கிறேன்.”

அவ்வளவுதான் ஒப்பந்தம். எழுதவில்லை.

ரெஜினாவுக்குத் தபால் ஆபீசில் வேலை. ஐந்தரைக்கு வந்து பையைக் கம்பியில் மாட்டுவாள். இந்தப் பக்கம் காலண்டர் ஒரு ஆட்டம் ஆடும்.

“ரெஜினா வந்தாச்சு” என்பாள் மனைவி. பால் அடுப்பில் ஏறும். இரண்டு டம்ளர் இங்கே, ஒரு டம்ளர் அங்கே.

சட்டப்படி தப்பான கம்பி. முப்பத்தெட்டு வருடம் தினமும் ஆடியது.

மனைவி போன பிறகு பால் காய்ச்ச ஆளில்லை. காலண்டர் ஆடியது. ரெஜினா ஓய்வு பெற்ற பிறகும் கடைக்கும் கோயிலுக்கும் அதே பைதான். ஆடத் தாமதமானால் அவர் வாசலுக்குப் போய் நிற்பார், சும்மா நிற்பது போல.

இப்போது நான்கு மாதமாக அசைவில்லை. காலையில் தாளைக் கிழிக்கும்போது அவர் கைதான் அதை ஆட்டுகிறது. அது அவருக்குப் பிடிக்கவில்லை.

தனிச் சுவர் எழும்பினால் கம்பியின் அந்த நுனி இரண்டு அங்குல இருட்டுக்குள் போய்விடும்.

முழுச் சுவரும் அவருக்கே. ஒன்பது அங்குலமும். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

“தப்பு இருந்தா திருத்தி வைங்க மாமா. நான் போய் அளவு எடுத்துட்டு வந்துர்றேன்.”

ஜெரோம் எழுந்து போனான்.

பக்கத்து வீட்டுப் பூட்டு திறக்கும் சத்தம். கதவு முனகியது. செருப்பைக் கழற்றியிருப்பான்.

காலண்டர் ஆடியது.

ஹெல்மெட்டாக இருக்கும். அந்த வீட்டில் உள்ளே நுழைகிறவர் கையில் இருப்பதை அங்கேதான் மாட்டுவார்கள். அவன் முதலில் மாட்டியது பள்ளிக்கூடப் பை.

அவர் அது நிற்கும்வரை பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். துடைத்தது போதவில்லை.

பிறகு பேனாவைத் திறந்து மூன்றாவது பத்தியைக் குறுக்கே அடித்தார். தாளைத் திருப்பினார்.

‘என் வீட்டு வடபுறச் சுவர் முன்போலவே இருவருக்கும் பொது. ஜெரோம் அதன் மேல் உயர்த்திக் கட்டவும், அதில் உத்திரம் செருகவும் எனக்குப் பூரண சம்மதம்.’

எத்தனை அங்குலம் செருகலாம் என்று எழுத வேண்டிய இடத்தில் பேனா நின்றது.

‘தேவையான அளவு’ என்று எழுதினார். இப்படி ஒரு சொல்லை அடுத்தவர் பத்திரத்தில் பார்த்திருந்தால் கிழித்துப் போட்டிருப்பார்.

கடைசியாக ஒரு நிபந்தனை.

‘சுவரில் ஏற்கெனவே உள்ள கம்பியை இருவரில் எவரும் அகற்றக் கூடாது.’

கையெழுத்துப் போட்டு, தேதி பார்க்கக் காலண்டரை நிமிர்ந்து பார்த்தார்.

காரணம் எதுவும் எழுதவில்லை. நிபந்தனைக்குக் காரணம் எழுதும் வழக்கம் பத்திரத்தில் இல்லை.