மூடிச் சோறு

கம்பெனி கேண்டீனில் இரண்டு பேர் மூன்று நாள் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டால், சுவரிலுள்ள கேமராத் திரை அவர்களைச் சங்கம் என்று பதிந்துகொள்ளும். நான்காம் நாள் இருவருக்கும் வேலை இருக்காது. அதனால் தையல் பிரிவுப் பெண்களுக்கு அங்கே ஆளுக்கொரு மேசை. தலையை நிமிர்த்தாமல் சாப்பிடுவோம்.

தெய்வானை மட்டும் உட்காரவே மாட்டாள். தண்ணீர் பிடிக்கப் போகிற வழியில், டிபன் மூடியில் நான் எடுத்துவைத்த ஒரு வாய்ச் சோற்றை நின்றபடியே தின்றுவிட்டு நகர்வாள். அவள் தின்றால் நாம் சங்கத்தில் சேர்ந்தாயிற்று. பட்டியல் கிடையாது. யார் யார் என்பது அவளுக்கு மட்டுமே தெரியும்.

நேற்று அவளை அடக்கம் செய்தார்கள். பயத்தில் நான் போகவில்லை.

இன்று பழக்கதோஷத்தில் மூடியில் சோறு வைத்துவிட்டேன். சூப்பர்வைசர் வந்து நின்றார்.

“இது யாருக்கும்மா?”

“எனக்குத்தானுங்க. சூடா இருக்கு, ஆறட்டும்னு வெச்சேன்.”

“எல்லாருக்குமா இன்னைக்கு சோறு சுடுது?”

நிமிர்ந்தேன். மேசைக்கு மேசை ஒரு பெண், ஒரு மூடி, யாரும் தொடாத ஒரு வாய்ச் சோறு. இத்தனை பேரா? கண்ணீரோடு எண்ண ஆரம்பித்தேன்.

சுவரில் திரையும் எண்ணிக்கொண்டிருந்தது.