மருதியைத் தேடிய கொடி

ஒரு காட்டோரத்தில் கிழங்குக் கொடி ஒன்று இருந்தது. அதன் பக்கத்தில் புதிதாக ஒரு கம்பி வேலி வந்து நின்றது. வந்த நாளிலிருந்தே அதற்குத் தம்பட்டம்தான்.

"இனி ஒருத்தியாலும் உன்னைத் தோண்ட முடியாது. கிழங்கெடுக்க வர்ற அந்த மருதியை விரட்டியாச்சு," என்றது வேலி.

"உன்னை யார் கேட்டா?" என்றது கொடி. "மருதி கிழங்கை எடுத்துட்டு, தலைப்பக்கத்தை மண்ணுக்குள்ள திரும்ப வச்சுட்டுப் போவா. அவ கிளறின மண்ணுலதான் நான் மறுபடியும் பெருப்பேன். இப்ப மண்ணு இறுகிக்கிடக்கு. கீழே மூச்சு முட்டுது."

"காவல்னா அப்படித்தான். பொறுத்துக்கோ."

மழை வந்தது, மருதி வரவில்லை. அவள் காலடிக்கு ஏங்கி ஏங்கிச் சோர்ந்த கொடி, கடைசியில் வேலியைப் பற்றிக்கொண்டு ஏறத் தொடங்கியது. வேலிக்குப் பெருமை தாங்கவில்லை.

"கட்டிப்பிடிக்கிறியே. இப்பவாவது நன்றி தெரியுதே."

இந்த அசட்டுக்கு எதற்கு விளக்கம் என்று கொடி மேலே மேலே ஏறியது.

மேல் கம்பியிலிருந்து பாதை தெரிந்தது. அங்கே மருதியும் இன்னும் சில பெண்களும் தோண்டுகோலை மடியில் வைத்துக்கொண்டு ஜீப்பை மறித்து உட்கார்ந்திருந்தார்கள்.

"உங்க வீட்டு ஆம்பளைங்களைக் கேட்டுத்தானேம்மா வேலி போட்டோம்," என்றார் ஜீப்பில் இருந்த வனத்துறை அதிகாரி.

"அவங்க என்னிக்குங்க கிழங்கு தோண்டினாங்க?" என்றாள் மருதி.

கொடி தன் நுனியை வெளியே, அந்தக் குரல் வந்த பக்கம் நீட்டியது.

"எங்கே போறே?" என்று பதறியது வேலி.

கொடி திரும்பிப் பார்க்கவில்லை. அது போகவேண்டிய தூரம் இன்னும் நிறைய இருந்தது.